அமெரிக்க அதிபர்களின் அதிகார மீறல்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர்கள், அரசமைப்புச் சட்டம் தங்களுக்கு வழங்கிய அதிகாரத்தை எல்லை கடந்தோ, வழங்கப்பட்ட நோக்கத்துக்கு மாறாகவோ கையாண்ட நிகழ்வுகள் இத்தலைப்பில் அடங்கும். கீழே இருந்தவர்கள் பணம் தின்ற ஊழல்கள் இதில் சேரா. கிராண்ட் காலத்து விஸ்கி வரி மோசடியிலும் ஹார்டிங் காலத்து டீபாட் டோம் எண்ணெய் வயல் குத்தகையிலும் அதிபர் செய்த பெரும் பிழை, தகாதவர்களை நம்பியதுதான். இங்கே எடுத்துக்கொள்ளப்படுபவை அதிபரே முன்னின்று செய்தவை.

இவற்றை வரிசையாக வைத்து ஒப்பிடும் முயற்சி 1974-இல் நாடாளுமன்றத்தின் தேவைக்காகவே நடந்தது. நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையை நடத்திக்கொண்டிருந்த பிரதிநிதிகள் சபைக் குழுவின் சிறப்பு வழக்கறிஞர் ஜான் டோர், முந்தைய அதிபர்கள் மீது எழுந்த குற்றச்சாட்டுகளையும் அவற்றுக்கு அவர்கள் சொன்ன பதில்களையும் தொகுத்துத் தருமாறு யேல் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் சி. வான் உட்வர்டைக் கேட்டுக்கொண்டார். வாஷிங்டன் முதல் லிண்டன் ஜான்சன் வரையிலான அதிபர்களைப் பற்றி எழுதப்பட்ட அந்த அறிக்கை பயன்படுவதற்குள் நிக்சன் பதவி விலகிவிட்டார். அது நூலாக வெளிவந்ததோடு சரி. 2019-இல் ஜேம்ஸ் பேனர் அதை ஒபாமா காலம் வரை நீட்டிப் பதிப்பித்தார். தன் ஆட்சியின் குற்றங்களை அதிபரே தலைமையேற்று நடத்தியதாக நிக்சனுக்கு முன் யார் மீதும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது உட்வர்டின் முடிவு. தண்டனைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அது சரி. அதிகார மீறலோ பெரும்பாலும் தண்டனைச் சட்டத்துக்கு வெளியே நடப்பது.

சட்ட அடிப்படை

1787-இல் பிலடெல்பியா மாநாட்டில் இருந்த வரைவின்படி நாட்டுத் துரோகத்துக்கும் கையூட்டுக்கும் மட்டுமே அதிபரை நீக்கலாம். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் இது போதாதென்று, நிர்வாகச் சீர்கேட்டையும் சேர்க்கச் சொன்னார். அப்படிச் சேர்த்தால் செனட் சபை விரும்பும் வரைதான் அதிபர் பதவியில் இருக்க முடியும் என்று மேடிசன் மறுத்தார். அதன் பேரில் மேசன் தன் சொல்லைக் கைவிட்டு, பெருங்குற்றங்களும் தவறான நடத்தைகளும் என்ற பொருள்படும் பழைய ஆங்கிலேய நாடாளுமன்றத் தொடரை முன்வைத்தார். அவையும் ஏற்றது. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம் சாட்டும். செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் நீக்கும். இதுவரை ஆண்ட்ரூ ஜான்சன், கிளிண்டன், டிரம்ப் ஆகிய மூவர் மீது குற்றம் சாட்டப்பட்டது; டிரம்ப் மீது இரு முறை. ஒருவர்கூட நீக்கப்படவில்லை.

வகைப்பாடு

பேச்சையும் எழுத்தையும் ஒடுக்குதல், கருவூலத்தைத் தன் விருப்பப்படி ஆளுதல், நாடாளுமன்றத்துடன் கலந்தாலோசிக்காமல் போருக்குள் இறங்குதல், தன் மீதான விசாரணையை முடக்குதல் என மீறல்களை நான்காகப் பிரிக்கலாம். இந்நான்கினூடேயும் ஒரே உத்தி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். சொன்னதைச் செய்ய மறுக்கும் அதிகாரியை நீக்கிவிட்டு, செய்பவர் கிடைக்கும் வரை ஆளை மாற்றுவதே அது. நீக்கும் அதிகாரத்தைப் பற்றி அரசமைப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. 1789-இல் முதல் நாடாளுமன்றம் நீண்ட விவாதத்துக்குப் பின் அதை அதிபர் கையில் விட்டது. பிற்கால வம்புகளில் பாதிக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

தொடக்க காலம்

பிரான்சுடன் போர் மூளும் என்ற அச்சத்தில் 1798 ஜூலை 14 அன்று ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட அரசநிந்தனைச் சட்டமே முதல் பெரிய மீறல். அரசையோ நாடாளுமன்றத்தையோ அதிபரையோ இழிவுபடுத்தும் பொய்களை எழுதினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை அதிபருக்கு இந்தப் பாதுகாப்பு தரப்படவில்லை; அப்போது துணை அதிபராக இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவர் ஜெபர்சன். சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முதலில் சிக்கியவர் பிரதிநிதிகள் சபையின் வெர்மாண்ட் உறுப்பினர் மேத்யூ லயன். ஆடம்ஸின் ஆடம்பர ஆசையைக் கிண்டலடித்ததற்கு 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் கிடைத்தன. சிறையில் இருந்தபடியே அவர் மறுபடி தேர்தலில் வென்றார். 1801-இல் அதிபர் தேர்தல் பிரதிநிதிகள் சபைக்கு வந்து இழுபறியானபோது வெர்மாண்டின் வாக்கை ஜெபர்சனுக்கு அளித்தவரும் அவரே. நியூஜெர்சியின் நூவர்க் நகரில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆடம்ஸ் ஊரைக் கடந்து போகையில் மரியாதைக்காகப் பீரங்கி வெடித்தார்கள். லூதர் பால்ட்வின் என்ற குடிமகன், குடிபோதையில், அந்தக் குண்டு அதிபரின் பின்புறத்தில் பாய்ந்தாலும் தனக்குக் கவலையில்லை என்று உளறிவைத்தார். மதுக்கடைக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். வழக்குப் பதிவாகி, பால்ட்வின் அபராதம் கட்டினார். ஆடம்ஸ் இவ்வழக்குகளைத் தானே தூண்டியவர் அல்லர். வெளியுறவு அமைச்சர் டிமத்தி பிக்கரிங்தான் பத்திரிகைகளைத் துருவித் துருவிப் படித்தவர். ஆனால் கையெழுத்து ஆடம்ஸுடையது. 1801 மார்ச் 3 அன்று சட்டம் காலாவதியானது. அடுத்து வந்த ஜெபர்சன் தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார்.

அதே ஜெபர்சன் 1807 ஜனவரியில், தன் முன்னாள் துணை அதிபர் ஆரன் பர் துரோகி என்பதில் ஐயமே இல்லை என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அப்போது விசாரணையே தொடங்கவில்லை. ரிச்மண்டில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் முன் நடந்த வழக்கில் பர் விடுதலையானார்.

ஜாக்சனும் வங்கிப் போரும்

பின்வந்த அதிபர்களுக்கு வழிகாட்டியானவர் ஆண்ட்ரூ ஜாக்சன் (1829–1837). பிலடெல்பியாவில் நிக்கோலஸ் பிடில் நடத்திய இரண்டாம் அமெரிக்க வங்கியை அவர் அடியோடு வெறுத்தார். அதன் ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது. அரசின் வரவுப் பணமும் அங்கேதான் இருந்தது. வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை 1832 ஜூலை 10 அன்று திருப்பியனுப்பினார். அது அவருக்குள்ள உரிமை. சிக்கல் அடுத்த ஆண்டு வந்தது. அரசுப் பணத்தை வங்கியிலிருந்து எடுக்கும் அதிகாரத்தை 1816-ஆம் ஆண்டுச் சட்டம் அதிபரிடம் தரவில்லை, கருவூல அமைச்சரிடம் தந்திருந்தது. எடுத்தால் அதன் காரணத்தை அவர் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். அமைச்சர் லூயிஸ் மெக்லேன் எடுக்க இசையவில்லை; அவரை வெளியுறவுத் துறைக்கு மாற்றினார் ஜாக்சன். அவ்விடத்துக்கு வந்த வழக்கறிஞர் வில்லியம் டுவேன் எடுக்கவும் மறுத்தார், தானாக விலகவும் மறுத்தார். 1833 செப்டம்பர் 23 அன்று டுவேன் நீக்கப்பட்டார். அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ரோஜர் டானி அந்த நாற்காலியில் அமர்ந்தார். அக்டோபர் முதல் அரசுப் பணம் ஜாக்சனுக்கு வேண்டிய மாநில வங்கிகளுக்குப் போகத் தொடங்கியது.

ஹென்றி கிளே தலைமையில் செனட் 1834 மார்ச் 28 அன்று 26–20 என்ற வாக்கில் ஜாக்சனைக் கண்டித்தது. டானியின் நியமனத்தையும் அது நிராகரித்தது. ஓர் அமைச்சர் நியமனம் செனட்டில் தோற்றது அதுவே முதல் முறை. கண்டனத்தை எதிர்த்து ஜாக்சன் அனுப்பிய நெடுங்கடிதத்தைக் குறிப்பேட்டில் ஏற்றவும் செனட் மறுத்தது. ஜாக்சன் கட்சியினர் பொறுத்திருந்தார்கள். பெரும்பான்மை கைக்கு வந்ததும், மிசௌரியின் தாமஸ் ஹார்ட் பென்டன் பிடிவாதமாகக் கொண்டுவந்த தீர்மானம் 1837 ஜனவரி 16 இரவு நிறைவேறியது. செயலர் 1834-ஆம் ஆண்டுக் கையெழுத்துக் குறிப்பேட்டை அவைக்கு எடுத்துவந்து, கண்டனத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்பு மையால் கட்டம் போட்டு, செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று குறுக்கே எழுதினார். நீக்கியதாகச் சொல்லும் எழுத்துக்கு அடியில் கண்டன வாசகம் இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது.

உயிர்ச்சேதத்தை அளவாகக் கொண்டால் ஜாக்சனின் பெரும் பழி வங்கி அல்ல, பழங்குடிகள். அவர்களை அவர்களின் நிலத்திலிருந்து அகற்றும் 1830-ஆம் ஆண்டு இடப்பெயர்ப்புச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102–97 என்ற வாக்கில் தப்பிப் பிழைத்தது. செரோக்கிப் பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் ஜாக்சன் மாநிலத்தைத் தடுக்கவில்லை. மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும் என்று ஜாக்சன் சவால் விட்டதாகச் சொல்லப்படுவது பிற்காலத்தார் கட்டிய கதை. அவர் செய்ததும் அதுவே என்பதால் கதை நிலைத்துவிட்டது. செரோக்கித் தலைவர் ஜான் ராஸின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சிறு குழு 1835-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, 1838-இல் வான் பியூரன் ஆட்சியில், படையை வைத்து செரோக்கியர் விரட்டப்பட்டனர். ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர் மாண்டதாகப் பொதுவாகக் கணக்கிடுவர்.

போர்க்காலங்கள்

ஜேம்ஸ் போல்க் 1846-இல் உரிமை தீராத எல்லை நிலத்துக்குப் படையை அனுப்பி, மெக்சிகோ சுட்டதும் போர் வந்துவிட்டது என்றார். இரத்தம் சிந்திய இடம் எது என்று காட்டச் சொல்லிக் குடைந்த இளம் உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன். 1848 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை, இப்போரை அதிபர் தேவையின்றியும் அரசமைப்புக்கு மாறாகவும் தொடங்கினார் என்று 85–81 என்ற வாக்கில் பதிவுசெய்தது.

லிங்கன் அதிபரானபின் 1861 ஏப்ரல் 27 அன்று, பிலடெல்பியாவுக்கும் வாஷிங்டனுக்கும் இடைப்பட்ட படைவழியில் ஆட்கொணர்வு உரிமையைத் தன் ஆணையாலேயே நிறுத்திவைத்தார். மேரிலாண்டில் ஜான் மெரிமன் என்பவர் கைதானபோது, அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துடையது என்று எழுதிய தலைமை நீதிபதி வேறு யாருமல்லர், டுவேன் மறுத்ததைச் செய்துகொடுத்த அதே ரோஜர் டானி. லிங்கன் டானியின் முடிவை மதிக்கவில்லை. ஆயினும் தலைநகரம் துண்டிக்கப்படும் நிலை மெய்யாகவே இருந்தது. செய்ததை மறைக்காமல் நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். 1863 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை அனுமதித்துச் சட்டமும் இயற்றியது. எனவே இது மீறல் கணக்கில் சேராது. போர் முடிந்தபின், 1866-இல், நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை இராணுவ மன்றம் விசாரிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது.

அடுத்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் வழக்கும் நீக்கும் அதிகாரத்தைப் பற்றியதே. செனட்டின் இசைவின்றி அமைச்சரை நீக்கக்கூடாது என்ற 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி, 1868 பிப்ரவரி 21 அன்று போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டான்டனை அவர் நீக்கினார். ஸ்டான்டன் அலுவலகத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே உண்டு உறங்கினார். மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. செனட்டில் 35–19; ஒரே ஒரு வாக்கு குறைந்து ஜான்சன் தப்பினார். அச்சட்டமே செல்லத்தக்கதன்று என்று 1926-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அதிபர் பக்கமே நியாயம் இருந்தது.

முதல் உலகப் போரில் உட்ரோ வில்சன், ஆடம்ஸைப் பல மடங்கு விஞ்சினார். ஒஹையோவின் கேன்டன் நகரில் 1918-இல் போரை எதிர்த்துப் பேசிய சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு 10 ஆண்டுச் சிறை. அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்தபடி 1920-இல் அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார் டெப்ஸ். வில்சன் கடைசி வரை மன்னிக்கவில்லை, ஹார்டிங்தான் விடுவித்தார். இரண்டாம் உலகப் போரில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரி 19 அன்று பிறப்பித்த 9066-ஆம் எண் ஆணையால் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1944-இல் உச்ச நீதிமன்றமும் 6–3 என்று தலையாட்டியது. 1988-இல் உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலரும் மன்னிப்பும் கிடைத்தன. கொரியப் போரின்போது ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியதை மட்டும் நீதிமன்றம் 1952-இல் உடனே தடுத்தது.

நிக்சன்

1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அதை மூடிமறைக்க உளவுத்துறையைப் பயன்படுத்த முயன்றதும், எதிரிகள் பட்டியல் தயாரித்து வருமான வரித்துறையை ஏவப் பார்த்ததும் பின்னர் வெளிவந்தன. வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கேட்ட சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு நிக்சன் ஆணையிட்டார். அரசுத் தலைமை வழக்கறிஞர் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவர் ராபர்ட் போர்க் செய்து முடித்தார். மெக்லேன், டுவேன், டானி என்று 1833-இல் மாதக்கணக்கில் நடந்தது இங்கே ஒரே இரவில் முடிந்தது. ஜாக்சனுக்கு ஆதரவாக மக்கள் நின்றார்கள். நிக்சனுக்கு எதிராகத் தந்திகள் குவிந்தன. 1974 ஜூலை 24 அன்று நாடாக்களைக் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8–0 எனத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் விலகினார். ஒரு மாதத்தில் அடுத்த அதிபர் போர்டு அவரை மன்னித்தார்.

பிற்காலம்

ரீகன் ஆட்சியில் ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணம் நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குப் போனது 1986-இல் அம்பலமானது. அவ்வழக்கில் சிக்கிய ஆறு பேரை மூத்த புஷ் 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மன்னித்தார். கிளிண்டன் மீது கொண்டுவரப்பட்ட அதிகார மீறல் குற்றச்சாட்டு 1998-இல் 148–285 என்று பிரதிநிதிகள் சபையிலேயே தோற்றது. பொய்ச் சாட்சியமும் நீதிக்கு இடையூறும் மட்டுமே செனட்டுக்குப் போயின. அதிகார மீறல் என்ற பெயரிலேயே குற்றம் சாட்டப்பட்ட முதல் அதிபர் டிரம்ப் (2019). பதவிக்கே உரிய முதன்மை அதிகாரங்களைக் கையாளும்போது அதிபர் மீது குற்ற வழக்கே தொடுக்க முடியாது என்று 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 எனத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் இரண்டாம் முறை பதவியேற்ற டிரம்ப், ஒரு வாரத்துக்குள், துறைகளைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர்களில் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டோரை நீக்கினார். அவர்களை நீக்குமுன் 30 நாள் அவகாசத்துடன் நாடாளுமன்றத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி எதுவும் எழுதப்படவில்லை.