டொனலி மையம்

டெரன்ஸ் டொனலி உயிரணு, உயிர்மூலக்கூறு ஆய்வு மையம் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், காலேஜ் தெரு 160ஆம் எண்ணில் உள்ள 12 மாடி ஆய்வுக் கட்டடம். உயிரியலர், பொறியாளர், கணினியியலர், மருந்தியலர் ஆகியோர் துறைச் சுவர் இல்லாமல் பக்கம் பக்கமாக வேலை செய்வதற்கென்றே கட்டப்பட்டு, 2005இல் திறக்கப்பட்டது. நன்கொடை அளித்த வழக்கறிஞர் டொனலியின் பெயரைத் தாங்கியுள்ளது.

முன்வரலாறு

துறை கலந்த ஆய்வு இந்த வளாகத்துக்குப் புதிதன்று. 1921 மே மாதம், உடலியங்கியல் பேராசிரியர் ஜே. ஜே. ஆர். மக்லியோட் தம் துறையில் அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் பேண்டிங்குக்கு நீரிழிவு ஆய்வுக்காக ஓர் ஆய்வகமும் சில நாய்களும் தந்து, சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் உதவிக்கு விட்டார். இருவரும் கணையத்திலிருந்து எடுத்த சாறு நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் மனிதருக்குச் செலுத்தும் அளவுக்குத் தூய்மையாக இல்லை. ஆண்டின் இறுதியில் உயிர்வேதியியலர் ஜேம்ஸ் காலிப் சேர்ந்தார். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற நீரிழிவு நோயுள்ள சிறுவனுக்குப் போட்ட முதல் ஊசி பெரிய பலன் தரவில்லை. காலிப் தூய்மைப்படுத்திய சாற்றை 23ஆம் நாள் செலுத்தியதும் சர்க்கரை இறங்கியது. அதற்குள் பேண்டிங்குக்கும் காலிப்புக்கும் பெரும் சண்டை மூண்டிருந்தது. சேர்ந்து வேலை செய்வோரெல்லாம் நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை. யாரும் தனியாகக் காப்புரிமை கோருவதில்லை என்று ஜனவரி 25இல் ஒப்பந்தம் போட்டபின் வேலை நடந்தது. 1923 நோபெல் பரிசு பேண்டிங், மக்லியோட் இருவருக்கே கிடைத்தது. பேண்டிங் தம் பங்குப் பணத்தில் பெஸ்ட்டுக்கும், மக்லியோட் காலிப்புக்கும் பாதி கொடுத்தனர். வேதியியலின் கை படாமல் அந்தச் சாறு இன்சுலின் மருந்தாகியிராது என்பதால் மக்லியோட்டின் பங்கீடு நியாயமானதே.

கட்டடம்

மையத்தை முன்மொழிந்தவர்கள் ஜேம்ஸ் ஃபிரீசன், செசில் யிப் என்ற ஆய்வாளர்கள். ஜெர்மனியின் பேனிஷ் நிறுவனமும் டொராண்டோவின் ஆர்க்கிடெக்ட்ஸ் அலையன்ஸ் நிறுவனமும் வடிவமைத்தன. பழைய கட்டடங்களுக்கு நடுவே இருந்த ஒடுக்கமான இடத்தில் அது எழுந்தது. பக்கத்து ரோஸ்புரூ கட்டடத்தின் செங்கல் சுவரே முன்கூடத்தின் உட்சுவராயிற்று. கூடத்தில் மூங்கில் தோட்டம் உண்டு. ஆய்வகத் தளங்கள் திறந்தவெளியாக உள்ளன. ஒரு பேராசிரியரின் மேசை முடிந்து அடுத்தவருடையது தொடங்கும் இடத்தில் தடுப்பு இல்லை. இருக்கைத் தொலைவு கூடக்கூடப் பேச்சு வேகமாகக் குறைகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களிலேயே அளந்து காட்டியிருந்தார்.

ஆய்வுகள்

மரபியலர்கள் சார்லஸ் பூன், பிரெண்டா ஆண்ட்ரூஸ் குழு, ஈஸ்ட்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களை இரண்டிரண்டாக மாற்றிப் பார்த்தது. 2.3 கோடிக்கும் மேற்பட்ட இரட்டைத் திரிபு ஈஸ்ட்களை ரோபோக்களைக் கொண்டு சோதித்து, சுமார் 9 லட்சம் மரபணு உறவுகளை 2016இல் வரைபடமாக்கியது. இதன் கணக்கீட்டுப் பகுதியில் மினசோட்டா பல்கலைக்கழகக் கணினியியலர்கள் பங்கேற்றனர். ஒரே கட்டடம் எல்லாவற்றுக்கும் போதவில்லை. துறை கலந்த வேலைக்கு மையத்துக்கே உரிய சான்று மற்றொன்று. மின்பொறியாளர் பிரெண்டன் ஃபிரே, மூலக்கூறு உயிரியலர் பெஞ்சமின் பிளென்கோ இருவரும், ஆர்.என்.ஏ. எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதைக் கணினிக்குக் கற்பித்து முன்கணிக்கும் முறையை 2010இல் வெளியிட்டனர். ஃபிரே பின்னர் டீப் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்த வழியில்தான்.

மையத்தின் இயக்குநராக இருந்த ஆண்ட்ரூஸுக்குப் பின் ஸ்டெஃபான் ஆஞ்செர் அப்பொறுப்பை ஏற்றார்.