இடம்பெயர்வில் கூட வந்த கொக்கான், ஊரோடு நின்றுபோன கிளித்தட்டு

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் விளையாட்டுகளில் கிளித்தட்டுக்குத்தான் இடம் அதிகம் வேண்டும். நீளமாக ஒரு நடுக்கோடு, அதை வெட்டும் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் மறிப்பவர் ஒருவர் நிற்பார். அவர் அந்தக் கோட்டை விட்டு விலகக்கூடாது. கிளிக்கு மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். கிளி கைதட்ட ஆட்டம் தொடங்கும். எதிரணியினர் அடிபடாமல் கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பி வெளியேற வேண்டும். ஓட்டம் மட்டும் போதாது. ஒருவர் கிளியைத் தன் பக்கம் இழுத்து வைத்தால்தான் மற்றவர் நழுவலாம். சில ஊர்களில் இதைத் தாச்சி என்பார்கள். அறுவடை முடிந்த வயலும் நிலவு காலத்துக் கோயில் வீதியும்தான் இதற்குக் களம்.

போர் முதலில் பறித்தது அந்தக் களத்தை. 1990க்குப் பின் பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கு ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. விளையாடிய வெளிகளும் முட்கம்பிக்குள் போயின. ஊரடங்கு நிலவையும் எடுத்துக்கொண்டது. கிட்டிப்புள்ளில் புள்ளை எவ்வளவு தூரம் அடிக்கிறோமோ அவ்வளவு வெற்றி. ஆனால் மிதிவெடிப் பலகை நட்ட பற்றைக்காணிக்குள் விழுந்தால் எடுக்கப் போகக்கூடாது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். தூரமாய் அடிக்கப் பயந்த கிட்டிப்புள் என்ன விளையாட்டு!

கொக்கான் தப்பியது. ஐந்து சிறு கற்கள் போதும்: ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் நிலத்தில் கிடப்பவற்றை ஒன்றாக, இரண்டாக, மூன்றாகப் பொறுக்கி, எறிந்த கல்லையும் ஏந்த வேண்டும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுதும் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது கற்களைச் சுமந்து போகத் தேவையிருக்கவில்லை. தங்கிய பாடசாலை விறாந்தையிலும் கோயில் மண்டபத்திலும் கிடைத்த கல் உதவியது. பெண்பிள்ளைகளின் விளையாட்டென்று ஒதுங்கி நின்ற நானும் அங்கேதான் அக்காமாரிடம் கொக்கான் பழகினேன்.

2009க்குப் பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடுபடுகின்றன. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறுகின்றன. சன சமூக நிலையங்கள் கிளித்தட்டுப் போட்டி வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் போட்டிக்கு நடுவர் இருப்பார். ஒழுங்கையில் அடிபட்டதா இல்லையா என்ற சண்டையைப் பிள்ளைகளே தீர்த்தார்கள். கிடுகுவேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் பாய்ந்த காலம் போய், இப்போது மதில். பின்னேரம் ரியூசன்.

கிளித்தட்டுக்குப் பக்கத்துக்கு நாலைந்து பேராவது வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இப்போது இருப்பது மூன்று பிள்ளைகள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்கிறார்கள்.