திருப்புளியும் குடும்பமும்

சிக்கனம் என்றால் நம்மவர்களுக்கு உடனே கருமித்தனம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நின்றுபோன மின்விசிறியைத் தானே கழற்றிப் பார்த்து, சொற்பச் செலவில் சுழல வைக்கிற மனிதரை, "கைராசிக்காரர் ஐயா நீர்!" என்று முகத்துக்கு நேரே புகழ்வார்கள். அவர் தலை மறைந்ததும், "ஒரு புது விசிறி வாங்க மனசு வருகிறதா, பாருங்கள்!" என்று சிரிப்பார்கள். வாளையும் வேலையும் பற்றிச் சரித்திரம் எழுதியவர்கள் ஏராளம். திருப்புளிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் ஒரு பகுதி எங்கள் தாம்பரம் வட்டாரத்தில் நடந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் குடித்தனம் செய்கிறவன் என்ற பாத்தியதையில் அதைக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

யந்திரங்கள் வருவதற்கு முன்னாலும் ரிப்பேர் இருந்தது. தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவார்; அம்மி கொத்துகிறவர் வருவார்; சாணை பிடிக்கிறவர் சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த குழம்பை வைத்தால் களிம்பு ஏறிவிடும். அதற்காகத்தான் உள்ளே ஈயப் பூச்சு. பூச்சு தேய்ந்துவிட்டதா, அம்மியின் பொளி மழுங்கிவிட்டதா என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குப் பார்த்தவுடனே தெரியும். வேலை திண்ணையோரத்தில், அவர்கள் கண் முன்னால் நடந்தது. "இந்த மூலையில் இன்னும் கொஞ்சம் பூசப்பா" என்று சொல்லிக் காசு கொடுத்தார்கள். பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதும், எதனால் கெடுகிறது என்பதும் அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களாக இருந்தன.

மின்சாரம் வந்ததும் இந்த அறிவு பெட்டிக்குள் போய் மறைந்துகொண்டது. ஆனால் உடனே மறைந்துவிடவில்லை. சென்னையில் ரேடியோ வந்த கதையைப் பாருங்கள். ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து 1924-ம் வருஷம் மே மாதத்தில் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார்கள். ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்புத் தொடங்கியது. அந்த நிலையத்தின் சக்தி 40 வாட். ஒரு குழல் விளக்கு சாப்பிடுகிற மின்சாரம்! பணமுடையால் 1927-ல் கிளப் நின்றது. பிறகு சென்னைக் கார்ப்பொரேஷன் 1930-ல் அதை எடுத்து நடத்தியது. ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது 1938-ல்தான். இந்த நகரத்துக்குக் காற்றில் பாட்டு வந்தது, சர்க்கார் தயவாலோ பெரிய கம்பெனியின் முதலாலோ அல்ல. உற்சாகமுள்ள சில மனிதர்கள் ஒன்றுகூடிச் செய்த காரியத்தால்.

கேட்பதற்கும் அந்தக் காலத்தில் பெரிய செலவு வேண்டியதில்லை. ஒரு கம்பிச் சுருள், ஈயக் கனிமத்தின் படிகத் துண்டு ஒன்று, அதன்மேல் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊசி முனைக் கம்பி, காதில் மாட்டும் குழாய், கூரைமேல் நீளமாக ஒரு கம்பி. இவ்வளவுதான் ரேடியோ! பாட்டரி கிடையாது, மின்சார இணைப்பும் கிடையாது. காற்றில் வருகிற அலையின் சக்தியே காதில் ஒலியாக மாறும். விஷயம் தெரிந்த பையன் ஒருவன் சாயங்காலத்தில் உட்கார்ந்து பூட்டிவிடுவான்.

ரேடியோ இப்படி இருக்கும்போதே, தெற்கே பனங்காடும் ஏரியுமாகக் கிடந்த ஊர்களின் தலையெழுத்தும் மாறியது. 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும், சுமார் 29 கிலோமீட்டருக்கு, மீட்டர் கேஜில் எலெக்ட்ரிக் ரயில் ஓட ஆரம்பித்தது. 2004-ல் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்று அகல ரயில் மட்டும் ஆகும் வரையில் அந்தச் சிறிய வண்டிகள்தான் இந்தப் புறநகர்களின் உயிர்நாடி. பட்டணத்தில் உத்தியோகம், பல்லாவரத்திலோ சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ சொந்தமாக அரை கிரவுண்டு நிலம் என்று கனவு காண்கிற குமாஸ்தாக்கள் வந்து சேர்ந்தார்கள்.

குமாஸ்தாக்கள் மட்டும் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயம் இருந்திராது. தாம்பரத்தில் மின்சார ரயில் வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனை இருந்தது. விமானப் படைத் தளம் இருந்தது. குரோம் தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், ஸி. ராஜம் 1949-ல் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை, எம்.ஐ.டி.யை, நிறுவினார். பல்லாவரத்தில் மின்சார சாதனத் தொழிற்சாலை, வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கார் தொழிற்சாலை. ஆகவே இங்கே ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால், அதில் ஒரு வீட்டிலாவது காயில் கட்டத் தெரிந்தவரோ, பற்றுவைக்கத் தெரிந்தவரோ குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் அயர்ன் பாக்ஸும் மேஜை விசிறியும் வரிசையில் காத்திருக்கும். கூலி என்று பேச்சு எடுத்தால் கோபித்துக்கொள்வார். காப்பி கொடுத்தால் வேண்டாமென்று சொல்லமாட்டார்.

இந்தக் கலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு மூலபுருஷர் உண்டு என்றால் அவர் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுதான். பள்ளிப் படிப்பில் நிற்காத கிராமத்துப் பையன், ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. முதலில் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கியவர், 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை எழுபதே ரூபாயில் இந்நாட்டில் செய்யமுடியும் என்று அறிவித்தார். அவருடைய படிப்பெல்லாம் அந்த மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட இடத்தில் ஆரம்பித்ததுதான்.

இப்படிச் சொல்வதால், நம் முன்னோர்கள் எல்லோரும் சிக்கனத்தின் சிகரங்கள், நாம்தான் கெட்டுப்போய்விட்டோம் என்று நான் பிரசங்கம் செய்வதாக நினைக்க வேண்டாம். உண்மை வேறு. அன்று ரிப்பேர் செய்தார்கள் என்றால், வேறு வழியில்லாமல் செய்தார்கள். 1957 வாக்கில் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்தது. வெளிநாட்டுச் சாமான்களுக்கு லைசென்ஸ் கெடுபிடி ஏற்பட்டது. புதியது கிடைக்காது; கிடைத்தால் வாங்கப் பணம் இருக்காது. அந்த நிர்ப்பந்தத்தைக் குணம் என்று பாராட்டுவது, பட்டினி கிடந்தவனை உபவாசம் இருந்தான் என்று மெச்சுவது போலத்தான். ஆனால் நிர்ப்பந்தத்திலிருந்து ஓர் அறிவு பிறந்தது. அந்த நிர்ப்பந்தம் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்த அறிவும் அதோடு சேர்ந்து போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அந்த அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. பம்பாயில் எஸ். பி. மாத்தூர் என்று ஓர் இஞ்சினீயர். அவர் மனைவி மாதுரி, ஜெர்மனியிலிருந்து வந்த மிக்ஸர் ஒன்றை உபயோகித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதன் மோட்டார் எரிந்துபோயிற்று. இந்தியாவில் அதைச் சரிசெய்து தர ஆள் இல்லை. யோசித்துப் பார்த்தால் குற்றம் அந்த யந்திரத்தின் மேலும் அல்ல. முட்டையும் மாவும் பழச்சாறும் கலக்குவதற்காகச் செய்த மோட்டாரிடம், ஊறின பருப்பையும் மஞ்சளையும் கொடுத்து அரை என்றால் அது என்ன செய்யும்? நம்முடைய சமையலுக்குத் தாங்குகிற மாதிரி ஒன்றை நீங்களே செய்யக்கூடாதா என்று மனைவி கேட்டார். கணவர் செய்தார். 1963-ல் பிறந்த அந்த 'சுமீத்' மிக்ஸி தென்னாட்டுச் சமையலறைகளில் அம்மியை மூலைக்கு அனுப்பிற்று. சரித்திரத்தில் கணவரின் பெயர் முதலில் வருகிறது. என்ன அரைக்க வேண்டும், எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும், எங்கே பழைய யந்திரம் தோற்றது என்று சொன்னவர் மனைவி. பாதி ரிப்பேர் அந்தப் பேச்சிலேயே முடிந்துவிட்டது என்பேன். இதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, 1955-ல், கோயமுத்தூரில் பி. சபாபதி மின்சார கிரைண்டரைக் கொண்டுவந்து ஆட்டுக்கல்லுக்கு விடுதலை கொடுத்திருந்தார்.

2011-ல் தமிழ்நாடு அரசாங்கம் ரேஷன் கார்டுக்காரர்களுக்கு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது, குடிசை வீட்டிலும் மோட்டார் ஓடிற்று. மோட்டார் ஓடினால் மோட்டார் நிற்கவும் செய்யும். நிற்கிற காரணங்களோ மிகவும் சாதாரணமானவை. மிக்ஸி உறுமுகிறது, ஜாரில் கத்தி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் அடியிலுள்ள ரப்பர் கப்ளர் தேய்ந்திருக்கும். பொறி பறந்து நின்று நின்று ஓடினால் கார்பன் பிரஷ் கரைந்திருக்கும். கிரைண்டர் இரைகிறது, கல் நகரவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். மேல்கூரை விசிறி வேகம் குறைந்து, கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு கண்டென்ஸர்தான். இவையெல்லாம் ஒரு புது யந்திரத்தின் விலையில் மிகச் சிறிய பங்குக்குக் கிடைக்கிற சாமான்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களைக் கிளறிக்கொண்டு ஜனங்கள் குந்தியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு, அவர்கள் தேடுவது என்ன என்று தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மெயினை அணைக்காமல் எதையும் தொடக்கூடாது. அணைத்த பிறகும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பைப் போன்ற உயர் அழுத்தச் சாதனங்களை வீட்டில் திறக்கவே கூடாது. எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் இந்த வித்தையில் ஒரு பாடம். சில சமயம் மாற்றுவதுதான் சிக்கனம். 75 வாட் பழைய விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகிறது. 30 வாட்டில் ஓடும் புதுமாதிரி விசிறிக்கு 22 யூனிட்கூட ஆகாது. கணக்குப் போடாமல் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

இந்த அறிவின் மதிப்பை நான் கண்ணால் பார்த்தது 2015 டிசம்பரில். முதல் தேதி விடாமல் பெய்த மழையில், மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. தண்ணீர் வடிந்த பிறகு தெருவைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்கு வீடு வாசலில் குளிர்ப்பெட்டியும் சலவை யந்திரமும் கிரைண்டரும் சேறு அப்பிக் கிடந்தன. பத்து வருஷம் தவணை கட்டிச் சேர்த்த குடும்பம் ஒரே ராத்திரியில் குப்பையாக வெளியே வந்துவிட்டது. பழைய சாமான்காரர் வண்டியோடு வந்து எடைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், இட்லி மாவு அரைத்து விற்று இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவர், தம்முடைய பெரிய கிரைண்டரை எடைக்குப் போட இருந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே பிட்டர் ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து தடுத்தார்.

"காயில் எரியலைம்மா, நனைஞ்சிருக்கு. எரியறது வேற, நனையறது வேற. சுவிட்சை மட்டும் போட்டுடாதீங்க. போட்டீங்கன்னா அப்பத்தான் எரியும்."

மோட்டாரைக் கழற்றினார். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவினார். வெயிலில் வைத்தார், வெயில் இல்லாதபோது ஒரு தகரப் பெட்டிக்குள் மோட்டாரையும் எரிகிற குண்டு பல்பையும் சேர்த்து மூடி வைத்தார். நாலாம் நாள் மெக்கர் வைத்துச் சோதித்துப் பார்த்து, பேரிங்கை மாற்றி, வார்னிஷ் பூசி ஓட விட்டார். அது ஓடிற்று. அதே தெருவில் அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய சலவை யந்திரங்கள் ஓடவில்லை. அவற்றின் மூளையாகிய சர்க்யூட் பலகையில் சேற்றுத் தண்ணீர் புகுந்து தடங்களை அரித்துவிட்டது. அந்தப் பலகையைத் தனியாக வாங்கக் கேட்டால், அந்த மாடல் இப்போது வருவதில்லை என்ற பதில்தான் கிடைத்தது.

அந்த அம்மாள் கூலி கேட்டு வற்புறுத்தினார். பிட்டர் வாங்கவில்லை. "அப்படின்னா எனக்கே சொல்லிக் கொடுங்கண்ணா" என்றார். இப்போது பெல்ட் மாற்றுவதும் கண்டென்ஸர் மாற்றுவதும் அவர் கையாலேயே நடக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கிரைண்டரின் நோயை அவரிடம்தான் வந்து சொல்லுகிறார்கள்.

பூட்டிய பெட்டிகளைப் பற்றிய கவலை இப்போது உலகத்துக்கே வந்திருக்கிறது. ரிப்பேர் செய்துகொள்வது வாங்கினவனின் உரிமை என்று 2024-ல் ஐரோப்பிய யூனியன் சட்டம் செய்தது. நம் மத்திய அரசாங்கமும் 2022 ஜூலையில் இதற்காக ஒரு கமிட்டி போட்டு, அந்த டிசம்பரிலேயே, கம்பெனிகள் தங்கள் பாகங்களையும் சர்வீஸ் விவரங்களையும் வெளியிடுவதற்கென்று இணையத்தில் ஓர் இடமும் ஏற்படுத்தியது. நல்ல காரியங்கள்தான். ஆனால் சட்டம் மூடியைத் திறந்து கொடுக்கலாமே தவிர, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிக் கொடுக்காது. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆகையால் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, நிறத்தையும் தள்ளுபடியையும் விசாரித்த பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இதைத் திறக்க முடியுமா? ஐந்து வருஷம் கழித்து இதற்குப் பாகம் கிடைக்குமா?" கடைக்காரர் உங்களைக் கருமி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.