கான்கிரீட் தளத்தில் மின்கம்பி: கொங்கு நாட்டு வீட்டு மின்னமைப்பு வரலாறு

கூரைத் தளம், மாடித் தரை ஆகியவற்றின் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து, அதன் வழியாக மின்கம்பிகளைக் கொண்டுசெல்வது மறைவு வயரிங் எனப்படும். கோயம்புத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள கொங்கு நாட்டு ஊர்களிலும் இன்று எழும் கான்கிரீட் வீடுகளில் இதுவே வழக்கமான முறை. கண்ணுக்குத் தெரிந்த கம்பி தளத்துக்குள் மறைந்தபோது, பாதுகாப்புக்குரிய நேரமும் மாறியது. கம்பி இழுத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை போய், கான்கிரீட் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டிய நிலை வந்தது.

மின்சாரமும் சிமென்டும்

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவையின் பஞ்சாலைத் தொழிலை வேகமாக வளர்த்தது. அதே பத்தாண்டில் கோவையை அடுத்த மதுக்கரையில் சிமென்ட் ஆலையும் தொடங்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலான வீடுகள் அப்போது ஓட்டு வீடுகளே; மின்சாரமும் கான்கிரீட்டும் ஒரே வீட்டில் சேர்வது பரவலாகப் பல ஆண்டுகள் ஆயின.

வெளியே தெரிந்த கம்பி

தொடக்கத்தில், இரப்பர் காப்புள்ள கம்பிகளைக் காடி வெட்டிய மரச் சட்டத்தில் வைத்து, மேலே மர மூடி அடித்தனர். பின்னர் சுவரில் தேக்குப் பட்டை அடித்து, அதன்மேல் உலோகக் கிளிப்புகளால் கம்பியைப் பிடிக்கும் முறை பரவியது. பட்டைமேல் ஓடிய கம்பியை எலி கடித்தாலும், காப்பு வெடித்தாலும் கண்ணால் காணலாம். அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம். கான்கிரீட் தளமும் பி.வி.சி. குழாயும் பரவியபின் இந்த வசதி மறைந்தது.

விதிகளின் வளர்ச்சி

1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின்கீழ் 1937-இலும், பின்னர் 1956-இலும் இந்திய மின்சார விதிகள் வந்தன. 1956 விதிகளின் 45-ஆம் விதிப்படி, விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றும் சிறு வேலைகள் தவிர, மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டியிருந்தது. செய்முறை நுட்பங்களை ஐ.எஸ். 732 என்னும் இந்தியத் தரநெறி விளக்குகிறது. 1985-இல் தேசிய மின் நெறித் தொகுப்பு வெளியானது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பின், மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2023-இல் புதியவை அவற்றின் இடத்தைப் பிடித்தன.

தளத்துக்குள் செல்லும்போது

கம்பியை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைக்கக் கூடாது. குழாய்க்குள்தான் செலுத்த வேண்டும். பின்னாளில் பழுது வந்தால் பழைய கம்பியை உருவிப் புதியதை இழுக்க அதுவே வழி. இதனால்தான் குழாயின் வளைவு 7.5 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது என்றும், இரு பெட்டிகளுக்கு இடையே நான்கு செங்கோண வளைவுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் நெறி சொல்கிறது. வளைவு கூடினால் கம்பி நகராது. பலங்கொண்டு இழுத்தால் காப்பு உரியும்.

தளத்தைத் துளைத்து மேலே செல்லும் குழாய், தரைக்கு மேல் 20 சென்டிமீட்டரும் கீழ்க் கூரைக்குக் கீழே 2.5 சென்டிமீட்டரும் நீண்டிருக்க வேண்டும். இரு முனைகளிலும் புஷ் பொருத்த வேண்டும். தரையைக் கழுவும் தண்ணீர் குழாய்க்குள் இறங்காமலும், குழாயின் விளிம்பு கம்பியை அறுக்காமலும் இது காக்கிறது. இரும்புக் குழாயானால் அதற்கு எர்த் இணைப்பும் கட்டாயம்.

கான்கிரீட் போடும் நாள்

சென்ட்ரிங் அடித்து, முறுக்குக் கம்பி கட்டியபின், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னுள்ள குறுகிய இடைவெளிதான் வயர்மேனுக்குக் கிடைக்கிறது. இணைப்புகளைப் பசையிட்டு ஒட்டாவிட்டாலோ, பெட்டிகளின் வாயை அடைக்காவிட்டாலோ சிமென்ட் பால் உள்ளே புகுந்து குழாய் அடைத்துவிடும். பிறகு தளத்தை உடைத்தால் முறுக்குக் கம்பி வெட்டுப்பட்டுக் கட்டடத்தின் வலிமையே குறையலாம்.

கம்பி இழுத்தபின், 500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மெக்கர் கொண்டு காப்புத் தடையைச் சோதிப்பர். அது குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். உள்ளே மறைந்த கம்பியின் காப்பு நிலையைக் கண்ணுக்குப் பதிலாக இந்தக் கருவி அறிவிக்கிறது. பயன்பாட்டில் கசிவு ஏற்பட்டால், 30 மில்லி ஆம்பியர் அளவிலான கசிவுத் துண்டிப்பான் நொடிக்குள் இணைப்பை நிறுத்தி உயிரைக் காக்கிறது.

குழாய்கள் செல்லும் தடத்தைக் கான்கிரீட் போடுவதற்கு முன் வரைபடமாகவோ ஒளிப்படமாகவோ பதிந்து வைப்பது நல்லது. பத்தாண்டு கழித்துத் தளத்தில் துளை போடுபவருக்கு, உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்பதை அது மட்டுமே காட்டும்.