கருதுகோளை வீழ்த்திய பேரெண்

ஓர் எண்ணை நேர்முழு எண்களின் கூட்டலாக எழுதும் வழிகளின் தொகை எண்பிரிவினை எனப்படும். 4க்கு அது 5 ஆகும். மக்மேகன் 200 வரை கணித்த அட்டவணையை ஆராய்ந்த இராமானுசன், இத்தொகைகள் 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளால் வகுபடும் ஒழுங்கினை 1919இல் கருதுகோளாக முன்வைத்தார். அதன்படி 243இன் பிரிவினைத்தொகை, 7இன் மும்மடியாகிய 343ஆல் வகுபடுதல் வேண்டும். அவர் மறைந்தபின் ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை விரித்தார். அதினின்று அத்தொகையைச் சர்வதமன் சௌலா 1934இல் எடுத்துக்காட்டினார்: 13,39,78,25,93,44,888. இது 49ஆல் மீதியின்றி வகுபடும். 343ஆல் வகுப்பின் 245 எஞ்சும். கருதுகோள் வீழ்ந்தது. எனினும், இதனை இராமானுசனின் கவனக்குறை எனல் பொருந்தாது. 343ஐக் கொண்டு சோதித்தற்குரிய முதல் எண்ணே 243தான். மக்மேகன் அட்டவணையோ 200உடன் நின்றது. ஏழின் அடுக்குக்குரிய விதியை வாட்சன் 1938இல் திருத்தி நிறுவினார். ஐந்திற்குரியதைத் திருத்தமின்றியே மெய்ப்பித்தார். பதினொன்றுக்குரியது அட்கின் மெய்ப்பிக்கும்வரை, 1967 வரை, காத்திருந்தது.