மாலுமிகளின் ஆலயம்

செயின்ட் லாரன்ஸ் நதியின் வழியாக மொன்றியல் துறைமுகத்தை அணுகும் ஒருவனுடைய கண்ணுக்கு, பழைய நகரத்துச் சாம்பல் நிறக் கற்கட்டடங்களுக்கு நடுவே முதலில் தட்டுப்படுவது பொன்செகூர்ச் சந்தையின் வெள்ளி நிறக் குவிமாடம். அதற்கு அடுத்தபடியாக, நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நதியை நோக்கி இரு கரங்களையும் விரித்து நிற்கும் ஒரு மாதா சுரூபம். அந்தச் சுரூபத்தைத் தன் சிகரத்திலே சுமந்து நிற்கும் சிற்றாலயத்துக்கு நற்சகாய மாதா ஆலயம் என்று பெயர். ஊர் வழக்கிலே மாலுமிகளின் ஆலயம் என்பார்கள். பேராலயங்களும் பொற்சித்திரங்களும் மிகுந்த அந்நகரத்தில் இது அளவாலும் ஆடம்பரத்தாலும் பின்வரிசையில் நிற்பது. ஆயினும், ஐரோப்பியக் கிராமத்துக் கோயில் ஒன்று, தன்னைச் சுற்றி ஒரு துறைமுகப் பட்டணம் வளர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதை அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைப்பது அரிது.

கிராமத்துக் கோயில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1642ஆம் ஆண்டில் வீல் மரீ என்ற பெயரோடு மொன்றியல் தோன்றியபோது அது மரவேலி சூழ்ந்த ஒரு சிறு குடியிருப்பு. பிரான்ஸ் தேசத்தின் ஷாம்பாஞ் பிரதேசத்திலுள்ள துருவா நகரத்தில் 1620இல் பிறந்து, 1653இல் ஆசிரியையாக இங்கு வந்து சேர்ந்த மார்கெரீத் பூர்ஷுவா அம்மையார், இரண்டே ஆண்டுகளில் குடியிருப்புக்கு வெளியே, ஜனங்கள் நடந்து சென்று தொழத்தக்க தூரத்தில், ஒரு யாத்திரை ஸ்தலம் வேண்டும் என்று சங்கற்பித்துக்கொண்டார். ஊருக்கு வெளியே வயலோரத்திலோ நீர்க்கரையிலோ ஒரு சிறு கோயிலை நிறுவி, திருநாள்தோறும் அங்கே கூட்டமாக நடந்து போவது மத்திய கால ஐரோப்பாவின் கிராமங்களில் நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்த ஆசாரம். அம்மையார் அதையே கடல் கடந்து எடுத்து வந்தார். குடியேறிகள் கற்களைச் சேகரித்தார்கள், வேலையும் தொடங்கிற்று. ஆனால் 1657இல் வந்திறங்கிய சுல்பீசிய குருக்களின் தலைவர் அதை நிறுத்திவைத்தார். புதிய அதிகாரி பழைய வேலையை நிறுத்துவது அக்காலத்திலும் வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. அம்மையார் தளரவில்லை. 1672இல் பிரான்ஸிலிருந்து திரும்பும்போது நற்சகாய மாதாவின் சிறியதொரு மரச் சுரூபத்தைக் கொண்டுவந்தார். 1675இல் மீண்டும் தொடங்கிய கற்பணி 1678இல் நிறைவெய்தியது. மொன்றியலின் முதல் கற்கோயில் அதுவே.

அந்த முதல் கோயில் 1754ஆம் ஆண்டின் தீயில் அழிந்தது. சாம்பலுக்குள்ளிருந்து சுரூபமும் அதன் பேழையும் பழுதின்றி மீட்கப்பட்டன. பிறகு யுத்தம் வந்தது. 1760இல் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோயிலின் மனை வெறும் இடிபாடாகவே கிடந்தது. 1771இல் பழைய அடித்தளத்தின்மேல் மீண்டும் சுவர் எழும்பியபோது சுல்பீசிய சபைக்குத் தலைவராக இருந்தவர் எத்தியேன் மொன்கோல்ஃபியே. சூடான காற்றால் பறக்கும் ஆகாயக் கூண்டு விட்டுப் புகழ்பெற்ற சகோதரர்களுக்கு இவர் சிற்றப்பன் முறை. 1773இல் முடிவுற்ற அந்தக் கட்டடத்தின் உடலே இன்றும் நிற்பது.

அதன் உருவம் முற்றிலும் பிரெஞ்சு நாட்டுப்புறத்தினுடையது. ஒழுங்காகச் செதுக்கப்படாத கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பிய கனத்த சுவர்கள், பனி தேங்காமல் வழிந்தோடும் செங்குத்தான கூரை, தூண்வரிசைகளால் பிரிக்கப்படாத ஒரே நீண்ட கூடம், அதன்மேல் கவிழ்ந்த மரத்தாலான வளைகூரை, கோடியில் பலிபீடம், இருபுறமும் சிறு பக்கப் பீடங்கள் என்ற இந்த அமைப்பை, தச்சனும் கொத்தனும் தம் தகப்பன்மாரிடமிருந்து கைப்பழக்கமாகப் பெற்றிருந்தார்கள். கோதிக் பேராலயங்களின் விண்ணளாவும் சாகசத்தை இங்கே தேடுகிறவன் ஏமாறுவான்.

ஆனால் ஒரு கோயிலின் ஜீவன் அதன் சுவரில் இருப்பதைவிட அதன் தட்டுமுட்டுச் சாமான்களில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சுவரைக் கட்டுவது ஊராளும் சபை. உள்ளே தொங்குவதையும் நிற்பதையும் கொண்டுவந்து வைப்பவர்கள் பயந்தவர்களும் பிழைத்தவர்களும். இந்த ஆலயத்தின் கூரையிலிருந்து தொங்கும் விளக்குகளைப் பாருங்கள்: அவை கப்பல்கள். பாய்மரமும் தளமும் உடைய சிறு கப்பல் உருவங்கள், வயிற்றிலே தீபத்தைத் தாங்கி, சங்கிலிகளில் வரிசையாக மிதக்கின்றன. பெருங்கடலில் புயலிலே அகப்பட்டு, ‘கரை சேர்ந்தால் உனக்கு ஒரு விளக்கு’ என்று நேர்ந்துகொண்டவர்கள், கரை சேர்ந்தபின் அந்தக் கடனைத் தீர்த்த அடையாளங்கள் அவை. பிரான்ஸின் பிரெத்தாஞ், நோர்மாந்தி கரையோரச் சிற்றூர்களிலும் டென்மார்க்கின் கடலோரத் தேவாலயங்களிலும் இவ்வாறு கப்பல் உருவங்களைத் தொங்கவிடும் சம்பிரதாயம் நெடுங்காலமாக உண்டு. போப்பாண்டவரின் சேனையில் சேர்ந்து போரிடச் சென்று, 1870இல் ரோமாபுரி வீழ்ந்தபின் தாயகம் திரும்பிய கியூபெக் இளைஞர்களும், கடற்பயணத்தில் தங்களைக் காத்ததற்கு நன்றியாக ஒரு கப்பலையே காணிக்கையாக்கினார்கள். ஆக, மாலுமிக்கும் சிப்பாய்க்கும் இங்கே காணிக்கை ஒன்றாகவே இருந்தது. நீரைக் கடந்து வந்தவன் என்பதே இங்கே ஒருவனுடைய ஜாதியும் குலமும்.

நீரைக் கடந்தும் கரை காணாதவர்களின் நினைவும் இங்கே இருக்கிறது. அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பி 1847ஆம் ஆண்டில் கப்பல்களில் நெருக்கியடித்து வந்தவர்களோடு டைபஸ் என்னும் விஷஜுரமும் மொன்றியலில் இறங்கியது. மொன்றியல்வாழ் ஐரிஷ் கத்தோலிக்கருக்கு இந்த ஆலயம் புதிதல்ல. 1817 முதலே அவர்கள் இங்கே கூடித் தொழுதுவந்தார்கள். இப்போது வந்திறங்கியவர்களிலோ, நோயாளிகளுக்காகத் துறைமுகத்துக்கு அருகே அமைத்த கொட்டகைகளில் சுமார் ஆறாயிரம் பேர் மடிந்தார்கள். பணிவிடை செய்த கன்னியாஸ்திரீகளும் குருக்களும் மடிந்தார்கள். நகர மேயர் ஜான் மில்ஸும் அதே நோய்க்குப் பலியானார். நோயுற்றுப் பிழைத்த ஆயர் இஞாஸ் பூர்ஷே, நலிந்திருந்த யாத்திரையை மீண்டும் தழைக்கச் செய்வதாக நேர்ந்துகொண்டு, தெயோஃபில் ஆமேல் என்ற ஓவியரைக் கொண்டு அந்தக் கொள்ளைநோயைச் சித்திரமாக எழுதுவித்து ஆலயத்துக்கு அளித்தார். பிறகு கூரையின்மேல், துறைமுகத்தை நோக்கி ஒரு மாதா சுரூபத்தையும் நிறுத்தினார். அன்று முதல் இவ்வாலயத்துக்கு இரண்டு முகங்கள்: செயின்ட் பால் வீதியை நோக்கிய வாசல் ஊராருக்கு, நதியை நோக்கிய சிகரம் வருகிறவர்களுக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாகரிகம் இதையும் விட்டுவைக்கவில்லை. முகப்பை மாற்றினார்கள், நதிப்புறத்தில் கோபுரமும் அதன் உச்சியில் ஒரு சிறு பிரார்த்தனைக் கூடமும் எழுந்தன, இன்று நாம் காணும் லபேர்ல் என்ற சிற்பியின் சுரூபம் அப்போது ஏறியதே. புதிய கோபுரம் கீழேயுள்ள பழைய கட்டடத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஆனால் உள்ளே, மரக் கூரையின்மேல் மெலோஷ் என்ற ஓவியர் எழுதிய சித்திரங்களின் கதை வேறு. அவற்றின்மேல் பிற்காலத்தார் புதிய ஓவியத் துணிகளை ஒட்டி மறைத்துவிட்டார்கள். அந்த மறைப்பே அவற்றுக்குக் கவசமாயிற்று. 1990களில் துணியை அகற்றியபோது பழைய சித்திரங்கள் வெளிப்பட்டன. அதே பத்தாண்டில் தரையைத் தோண்டியவர்கள் 1678இன் கோயிலுடைய அடித்தளத்தையும், அதற்கும் கீழே ஆதிக்குடிகள் நதிக்கரையில் தங்கிச் சென்ற தடயங்களையும் கண்டார்கள். 1982இல் புனிதர் பட்டம் பெற்ற மார்கெரீத் பூர்ஷுவா அம்மையாரின் எலும்புகள் 2005இல் இந்த ஆலயத்துக்கே கொண்டுவரப்பட்டு இடப்புறப் பீடத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

தமிழருக்கு இதில் அந்நியமாகத் தோன்றுவது ஒன்றுமில்லை. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர்கள் புயலில் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் என்பது அவ்வூர்ப் பாரம்பரியம். அவர்கள் கொண்டுவந்து பதித்த சீனப் பீங்கான் தட்டுகள் இன்றும் பீடத்தைச் சூழ்ந்திருக்கின்றன. கடலைக் கடந்து மொன்றியலுக்கு வந்த தமிழரும் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை மீன்பிடிக் கப்பல் தலைவர் கஸ் டால்டன் கண்டு காப்பாற்றினார். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் டொரொன்டோவுக்கும் வந்து குடியேறினார்கள்.

நம் சோழமண்டலக் கரையிலும் முத்துக்குளித்துறையிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மாலுமிகளின் ஆலயத்தைப் போன்ற சிற்றாலயங்கள் எத்தனையோ உண்டு. திருப்பணி என்ற பெயரில் அவற்றின் பழைய மரப்பீடங்களையும் தூக்குவிளக்குகளையும் நேர்ச்சைப் படகுகளையும் அகற்றிவிட்டு, பளிங்குத் தரையும் சிமெண்டுக் கோபுரமும் வைப்பதில் நம்மவர்க்கு உற்சாகம் மிகுதி. பங்குக் குருக்களும் ஊர்க் கமிட்டியாரும் ஒன்று செய்யட்டும்: புதிதாக எதையும் கட்டுவதற்கு முன், உள்ளே இருப்பது ஒவ்வொன்றையும் யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.