பெரிய கோயில் மதிலில் ஒரு முகவரி

டிசம்பர் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து தமிழ்நாடு போகிறவர்கள் தஞ்சாவூருக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். அதில் பெரிய கோயிலுக்கு ஒரு மணி நேரம். வழிகாட்டி இரண்டு கதைகள் சொல்வார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒன்று. உச்சியில் இருப்பது எண்பது தொன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பது மற்றது. நிழல் தாராளமாக விழுகிறது. உச்சிச் சிகரமும் பல கற்களைப் பொருத்திச் செய்ததுதான். ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டு எல்லோரும் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருப்பதால், கீழே கண்ணுக்கு நேராக இருக்கும் எழுத்துகளைக் கவனிப்பதில்லை.

1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில் இது. சுவரெங்கும் இருப்பது பெரும்பாலும் கணக்கு. யார் எத்தனை கழஞ்சு பொன் கொடுத்தார், ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் யாரிடம் விடப்பட்டன என்ற வகைக் கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றை அச்சில் கொண்டுவந்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் ஈழத்தவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈழமண்டலத்து ஊர்கள் சிலவும் இந்தக் கோயிலுக்கு நெல்லும் காசும் செலுத்த வேண்டும் என்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழர் படை அநுராதபுர அரசை வென்ற பிறகு வந்த ஏற்பாடு அது. விமானத்தைப் பார்க்கும்போது எனக்கும் பெருமிதம் வருகிறது. அந்தக் கல்வெட்டை மட்டும் நெல் அளந்து கொடுத்தவன் பக்கம் நின்றுதான் வாசிக்கிறேன்.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்புறம் உள்ள கல்வெட்டு. ஆடல் மகளிர் ஏறக்குறைய 400 பேரின் பெயர்ப் பட்டியல். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். தளிச்சேரித் தெருக்களில் வீடு வீடாக, இந்தச் சிறகில் இத்தனையாவது வீடு, இன்ன கோயிலிலிருந்து வந்த இன்னாள் என்று போகிறது. ஒருவருக்கு ஒரு பங்கு. ஆண்டுக்கு 100 கலம் நெல். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீடு திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் முழு முகவரி! வர விருப்பமா என்று அவளை யாராவது கேட்டார்களா என்பதற்கு மட்டும் கல்லில் இடமில்லை.

பட்டியலுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறு தேசம் போய்விட்டாலோ, நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். தேசம் விட்டுப் போனவர்களை இறந்தவர்களோடு ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள். ஸ்காபரோவில் இருந்துகொண்டு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் வெறுங்காலில் அந்தக் கல்தரையில் நிற்க முடியாது.